கூப்பிட்டால் வராத மீனைக் கவனியுங்கள்!

மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி நான்கு சிமென்ட் தொட்டிகள். ஒவ்வொன்றும் 1,000 லிட்டர் கொள்ளும். இரண்டில் மோலி, ஒன்றில் கப்பி, இன்னொன்றில் பிளாட்டி. வீட்டுக்காரருக்கு அரை ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. வண்ண மீன் பொறுப்பு முழுக்க அவர் மனைவியுடையது. மகளிர் குழுவில் கடன் வாங்கித் தொட்டி கட்டியவர் அவர். முதல் தொட்டி மோலி விற்பனைக்குத் தயாராகியிருந்தது. கொளத்தூர் வியாபாரி சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணம் மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கி வைத்தாயிற்று.

வியாழக்கிழமை விடியற்காலை கொட்டகைக்குப் போனவர் கண்டது, தொட்டி நிறைய வெள்ளை வயிறு காட்டி மிதந்த மீன்கள். பெரியது, சிறியது, குஞ்சு எதுவும் மிச்சமில்லை. பக்கத்துத் தொட்டிகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

‘ஏதோ நோய் வந்துவிட்டது, மற்றதும் போய்விடும்’ என்ற பயத்தில் டவுனுக்குப் போய், கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பொடியையும் நீல மருந்தையும் வாங்கி வந்து நன்றாக இருந்த மூன்று தொட்டிகளிலும் கலந்துவிட்டார். நான்காவது நாளிலிருந்து பிளாட்டி தொட்டியிலும் சாவு தொடங்கியது. இந்த முறை ஒரே இரவில் இல்லை. நாளுக்கு ஐந்து, பத்து என்று.

முதல் தொட்டியின் காரணத்தைக் கண்டுபிடித்தது கடைக்காரர் இல்லை, வீட்டில் இருந்த மாமியார்தான். “ஏம்மா, புதன்கிழமை மாட்டுக்கு உண்ணி மருந்து கலக்குன நீல வாளி எங்க? அதுலதானே ராத்திரி தொட்டிக்குத் தண்ணி ஊத்துன?” என்று அவர் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

நோயா, நஞ்சா, தண்ணீரா?

மாட்டு உண்ணிக்குப் பயன்படும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மாட்டுக்கும் மனிதருக்கும் ஓரளவு பாதுகாப்பானவை. மீனுக்கு அவை கடும் நஞ்சு. ஒரு லிட்டர் நீரில், ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலே பல மீன்கள் செத்துவிடும். கணக்குப் போட்டால், 10 சதவிகித சைபர்மெத்ரின் ஒரே ஒரு சொட்டு, 1,000 லிட்டர் தொட்டியைக் காலி செய்யப் போதும். கழுவாத வாளியின் அடியில் நின்ற கலவை அந்த வேலையைச் செய்துவிட்டது. கத்தரிக்கும் பருத்திக்கும் அடிக்கும் இதே வகை மருந்துகள், கொசுவிரட்டித் திரவம், தெளிப்பானை அலசிய தண்ணீர், மருந்து அடித்துவிட்டு வந்து சோப்புப் போடாமல் தொட்டிக்குள் விட்ட கை என எல்லாமே இதில் சேரும். விவசாயி வீட்டில் வண்ண மீன் வளர்ப்பதில், நகரத்து வீட்டில் இல்லாத பெரிய ஆபத்து இதுதான். 

மீன் சாகும் விதத்தைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே இரவில் பெரிது, சிறிது வித்தியாசம் இல்லாமல், உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லாமல் மொத்தமாகச் செத்தால் அது நோய் இல்லை. நஞ்சு கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று நின்றுபோயிருக்க வேண்டும். காற்றுக் குறைவு என்றால் முதலில் பெரிய மீன்கள்தான் தண்ணீர் மட்டத்தில் வாய் பிளக்கும். அதுவும் விடியற்காலையில்தான் அதிகம் தெரியும். இரவில் மின்சாரம் போய் ஏர் பம்பு நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். புது மீன் விட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து, ஒன்று இரண்டாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடினால் நோய். புதுத்தொட்டி தொடங்கிய முதல் மாதத்தில், செவுள் சிவந்து, மீன்கள் மந்தமாகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால் அமோனியா.

பிளாட்டி தொட்டியில் நடந்தது இந்தக் கடைசி வகை. தொட்டி புதியது இல்லைதான். ஆனால் கடைக்காரர் கொடுத்த மருந்து அதைப் புதுத்தொட்டியாக்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீவனத்திலிருந்தும் அமோனியா வரும். வயலில் போடும் யூரியாவை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுவது விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். தொட்டியிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு தொந்தரவு தராது, வாரம் ஒருமுறை நீர் மாற்றினால் குறைந்துவிடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சு ஃபில்டரிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத்தொட்டியில் அவை பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக இருக்க வேண்டும், தீவனமும் குறைவாகவே போட வேண்டும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சைப் புதுத்தொட்டியில் வைத்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல, வேலை சீக்கிரம் தொடங்கிவிடும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று துவைப்பது பலர் செய்யும் தவறு. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப வைத்தால் போதும். மெத்திலீன் நீலத்தையும் ஆன்டிபயாட்டிக் பொடிகளையும் ஃபில்டர் ஓடும் தொட்டியில் கொட்டினால் நோய்க்கிருமியோடு இந்த வேலைக்காரர்களும் செத்துப்போவார்கள். பிளாட்டிகளைக் கொன்றது இதுதான்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமாகவும் காரத்தன்மையோடும் இருக்கும். காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். அதனால் ஆழ்துளை நீரில் வளர்ப்பவர்கள் தீவனத்தில் இன்னும் கையடக்கமாக இருக்க வேண்டும். ஆனால் மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடின நீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீர் கேட்பவை. உப்புத்தட்டும் தண்ணீரை வைத்துக்கொண்டு அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட மோலி வளர்ப்பது நல்லது.

ஆழ்துளை நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். அதை நேரடியாகத் தொட்டியில் விடாமல், ஒருநாள் திறந்த தொட்டியில் வைத்து ஏர் பம்பு ஓட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீருக்கும் இதே வழிதான். புதிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பல முறை நீரை மாற்றி இறைத்த பிறகே மீன் விட வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள்தான் ‘முதல் வாரமே போச்சு’ என்பார்கள்.

மீனுக்குப் பாடம் சொல்ல முடியுமா?

தங்கமீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லை. தேனீயின் நடனத்துக்குப் பொருள் கண்டு 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், தேனீக்கு முன்பே மீன்களையும் ஆராய்ந்தவர். மீனுக்குக் காது கேட்காது என்று அப்போது பலர் நம்பினார்கள். கண்பார்வை இல்லாத ஒரு சிறு கெளுத்திக்கு, தீவனம் கொடுக்கும்போதெல்லாம் விசில் ஊதிப் பழக்கினார் ஃபிரிஷ். சில நாட்களில் விசில் ஒலிக்கே அது ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்தது. 1923-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, விசிலடித்தால் வரும் கெளுத்தி என்ற பொருளில் அமைந்ததுதான்.

வண்ண மீன் வளர்ப்பவருக்கு இது வேடிக்கை மட்டும் இல்லை. மாடு ஒருநாள் தீவனத்தில் வாய் வைக்காவிட்டால் நோய் என்று உடனே தெரிகிறது. ஆடு மந்தையைவிட்டு ஒதுங்கினாலும் தெரிகிறது. 400 மீன் உள்ள தொட்டியில் எது பட்டினி என்று எப்படித் தெரியும்? எல்லா மீனும் ஒரே நேரத்தில், ஒரே மூலைக்கு வரப் பழகியிருந்தால் தெரியும். கூட்டம் கூடிய பிறகு, வராமல் எங்கோ நிற்கும் ஐந்தாறு மீன்களைத்தான் பார்க்க வேண்டும். புள்ளியும் புண்ணும் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே இந்த அறிகுறி கிடைத்துவிடும்.

பழக்குவது எளிது. காலை எட்டு, மாலை ஐந்து என்று நேரத்தை நிலையாக வையுங்கள். தொட்டி விளிம்பில் கரண்டியால் மெதுவாக மூன்று தட்டு. தட்டிய சில விநாடிகளுக்குள் எப்போதும் அதே மூலையில் தீவனம். முதல் சில நாட்கள் மீன் கண்டுகொள்ளாது. ஒன்றிரண்டு வாரத்தில் தட்டும் சத்தத்துக்கே பெரும்பாலானவை அங்கே திரளும். தட்டிவிட்டுத் தீவனம் போடாமல் பலமுறை ஏமாற்றினால் பழக்கம் விட்டுப்போகும். கண்ணாடித் தொட்டியின் முகப்பில் பலமாகத் தட்டுவது வேறு விஷயம். அந்த அதிர்ச்சியில் மீன் மிரண்டு சுவரில் மோதும். குழந்தைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனம். அந்த நிமிடங்களில் வேறு வேலை பார்க்காமல் தொட்டியையே பார்க்க வேண்டும். துடுப்பை உடம்போடு மடக்கி நிற்கும் மீன், சுவரில் உடம்பைத் தேய்க்கும் மீன், தீவனத்தை வாயில் வாங்கித் துப்பும் மீன், வயிறு ஒட்டிய மீன், செதில் தூக்கி நிற்கும் மீன் என ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்லும். ஒரு விதிவிலக்கு உண்டு. குட்டி போடும் நாள் நெருங்கிய தாய் மீனும் ஒதுங்கித்தான் நிற்கும். வயிறு பெட்டி போலப் பருத்திருந்தால் அதைப் பிடித்து மருந்தில் போட்டுவிடாதீர்கள்.

விற்பனைக்கு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டிய இன்னொரு பயிற்சி, உலர் தீவனத்துக்குப் பழக்குவது. உயிர்த்தீவனம் மட்டுமே தின்று வளர்ந்த மீன், வாங்கியவர் வீட்டில் குருணைத் தீவனத்தைத் தொடாமல் மெலிந்து சாகும். பழி வளர்த்தவர் மீது வரும். விற்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து, பசியோடு இருக்கும் காலை வேளையில் முதலில் உலர் தீவனம், பிறகு கொஞ்சம் உயிர்த்தீவனம் என்று கொடுத்து, பின்னதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாக்கடைப் பக்கம் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது. புழுவோடு நோயும் வந்து சேரும்.

வீட்டில் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, தங்கமீனும் ஆஸ்காரும் நல்ல மாணவர்கள். குச்சி நுனியில் சிவப்பு மணி ஒன்றைக் கோத்து நீரில் காட்டி, மீன் அதைத் தொட்டவுடன் ஒரு குருணை கொடுக்க வேண்டும். அது பழகிய பிறகு, குச்சிக்கும் மீனுக்கும் நடுவே ஒரு பெரிய பிளாஸ்டிக் வளையத்தைப் பிடித்தால் அதற்குள் நுழைந்து வரும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பழக்குவதற்காகப் பட்டினி போடக் கூடாது. ஃபைட்டர் மீனுக்குக் கண்ணாடி காட்டிச் செவுள் விரிக்க வைப்பதும் ஓரிரு நிமிடத்தோடு நிற்க வேண்டும், நீடித்தால் அதற்குச் சோர்வுதான்.

புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

ஐப்பசியிலிருந்து தை வரை, இரவுக் குளிரில் அதிகம் வருவது வெண்புள்ளி நோய். ரவை தூவியது போல உடம்பிலும் துடுப்பிலும் புள்ளிகள் தெரியும். இதற்குக் காரணம் ஒரு செல் ஒட்டுண்ணி. அது தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் மீனைவிட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்தும் பருவத்தில்தான் மருந்தும் உப்பும் அதைக் கொல்லும். ‘மூன்றாம் நாளே புள்ளி போய்விட்டது’ என்று மருந்தை நிறுத்துபவர்களுக்கு, அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதனால்தான். புள்ளி மறைந்த பிறகும் சேர்த்து மொத்தம் பத்திலிருந்து பதினான்கு நாள் வைத்தியம் தொடர வேண்டும்.

மோலி, கப்பி போன்றவற்றுக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கல்லுப்பு. இதை ஒரேயடியாகக் கொட்டாமல், வாளி நீரில் கரைத்து ஒரு நாளைக்குள் மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். நீரை மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் நீரின் வெப்பத்தை மெல்ல மெல்ல 29, 30 டிகிரிக்குக் கொண்டுபோகலாம், ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி வேகமாக முடியும். சூடான நீரில் பிராணவாயு குறையும் என்பதால் ஏர் பம்பு நிற்கவே கூடாது. சிமென்ட் தொட்டிக்கு ஹீட்டர் கட்டுப்படியாகாது. இரவில் தார்ப்பாய் போட்டு மூடினாலே வெப்பம் சடாரென்று இறங்குவது குறையும். காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். கெளுத்தி வகைகளுக்கும் லோச்சுக்கும் உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

துடுப்பு அழுகலுக்கு அடிப்படை, பெரும்பாலும் அழுக்கு நீர். முதல் மருந்து நீர் மாற்றம். தங்கமீனிலும் கோயிலும் வரும் மீன் பேன், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். தட்டையாக, பச்சரிசி அளவில் ஒட்டியிருக்கும். சில மீன்கள் என்றால் ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆனால் அதன் முட்டை தொட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். மீனை மாற்றிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடாமல் பேன் ஒழியாது.

மருந்து கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தனித்தொட்டியில் கொடுங்கள். மாலகைட் பச்சையை உணவு மீனுக்குப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதைக் கலந்த நீரைக் கெண்டை வளர்க்கும் குட்டையிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டக் கூடாது. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் கடைக்காரர் சொல் போதாது, மீன்வள மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

இந்த நோய்களில் பலவற்றுக்கும் வாசல், புதிதாக வாங்கி வரும் மீன். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டிரம், ஒரு வலை, ஒரு வாளி தனியாக இருக்கட்டும். பையைப் பிரிக்காமல் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிட்டு, டிரம் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும். தட்டினால் வந்து தின்னப் பழகி, மூன்று வாரமும் நன்றாக இருந்தால் மற்ற மீன்களோடு சேர்க்கலாம். அந்த டிரம் பூச்சிமருந்து வந்த டிரம்மாக இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீனுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் ஒரு பாக்டீரியா, காயத்தின் வழியே மனிதத் தோலிலும் ஆறாத கட்டியை உண்டாக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

வளர்க்க முடியாத மீனை ஏரியில் விடுவது இன்னொரு வினை. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கும் சக்கர் மீன், தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த வீட்டில்

காலியான தொட்டியைச் சோப்பு நீரில் தேய்த்து, பலமுறை அலசி, பல நாள் வெயிலில் காயவிட்டு, முதலில் பத்து மீனை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அவை ஒரு வாரம் நின்ற பிறகே மற்றதை விட்டார்கள். பிளாட்டி தொட்டியில் தினமும் கால் பங்கு நீர் மாற்றி, தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, கப்பி தொட்டியில் இருந்ததைக் கடன் வாங்காமல், உறவினர் வீட்டில் மருந்து படாமல் ஓடிய ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மீன் தப்பியது. கட்டணத்துக்கு அந்த முறை கறவை மாட்டுப் பால் பணமும் குழுக் கடனும்தான் கைகொடுத்தன.

மாட்டு மருந்து வாளி இப்போது வீட்டின் மறுபக்கம், கழிவறைச் சுவரில் தொங்குகிறது. மீனுக்கான இரண்டு வாளிகளும் சிவப்பு. “அந்தச் சிவப்பு வாளிய வேற எதுக்கும் எங்க அத்தையே தொடமாட்டாங்க” என்கிறார் அவர். காலையில் தட்டும் வேலை மகனுடையது. போன மார்கழியில், தட்டியும் வராமல் நின்ற ஏழு கப்பிகளைப் பிடித்துத் தனியே போட்டான். இரண்டாம் நாள் அவற்றின் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. டிரம்மிலும் தொட்டியிலும் அன்றே உப்பு வைத்தியம் தொடங்கிவிட்டார்கள்.

பயிற்சியும் மானியமும்

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் சென்னை மாதவரம் வளாகத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கான வசதிகள் உள்ளன. அங்கு பயிற்சி நடக்கும் நாட்களைக் கேட்டுச் சேரலாம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் திட்டமதிப்பாக வைத்து, பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள் மற்றும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் நிர்ணயிக்கப்பட்டது. அந்தந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு தொட்டி கட்டும் வேலையைத் தொடங்கலாம்.